கேலனும் லிட்டரும்

காஞ்சிமாநகரை அடுத்த ஏனாத்தூரில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கும் தொழிலாளி ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். முகூர்த்தச் சேலை ஒன்றின் கரைக்கு அரக்கு நிறம் வேண்டும். அவரிடமுள்ள அமெரிக்க நாட்டுக் குறிப்பேடு, இத்துணைச் சாயத்தைப் பத்து கேலன் நீரிற் கரைக்குமாறு கூறுகின்றது. கேலன் என்பது நாலரை லிட்டர் என்று பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டிருந்த அவர், 45 லிட்டர் நீரைக் கொப்பரையில் வார்த்தார். நூல் வெளிறியது; முன்னர்த் தோய்த்த முந்தி நூலோடு ஒவ்வவில்லை. பெரியவர் சொல்லும் பொய்யன்று; குறிப்பேடும் பொய்யன்று. பின் பிழை யாண்டு நேர்ந்தது?

கேலன் ஒன்றன்று, இரண்டு. இங்கிலாந்தில் ஆன் அரசி காலத்தில், 1707-இல், மது அளக்கும் கேலன் 231 கன அங்குலம் எனச் சட்டம் வகுத்தது. அமெரிக்கர் 1776-இல் பிரிந்து சென்ற பின்னரும் அதனையே கைக்கொண்டனர். ஆங்கிலேயரோ 1824-இல் அதனைக் கைவிட்டு, பத்து இராத்தல் நீர் கொள்ளும் வேறொரு கேலனை அமைத்தனர். நம் நாட்டிற்கு வந்தது இப்பிந்திய கேலனே. அதன் அளவு 4.546 லிட்டர்.

இத்தகைய மயக்கம் நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் வழங்கிய படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆதலினாற்போலும், தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் வாளா மரக்கால் என்னாது, 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் எனப் பெயர் சுட்டியே உரைக்கின்றன. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மெட்ரிக் அளவை நாடெங்கும் பரவியபின் படியும் உழக்கும் மெல்ல மறைந்தன.

இனி, அமெரிக்க கேலனை நாமே கணக்கிட்டுக் காண்போம். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். ஆகவே ஒரு கன அங்குலம் 16.387 கன சென்டிமீட்டர். அதனை 231-ஆற் பெருக்க, 3,785 கன சென்டிமீட்டர், அஃதாவது 3.785 லிட்டர் கிடைக்கும். லிட்டரைக் கேலனாக்க 0.2642-ஆற் பெருக்குதல் வேண்டும். மனக்கணக்காயின், லிட்டரை நான்கால் வகுத்து, வந்த ஈவோடு அதன் இருபதில் ஒரு பங்கைக் கூட்டினாற் போதும். 80 லிட்டருக்கு 20-உம் 1-உம் சேர்ந்து 21 கேலன். நுட்பமாகக் கணக்கிடின் 21.13. சாயத்தொழிலுக்கு இந்நுட்பக் கணக்கே தகும்.

நம் தொழிலாளி வார்த்திருக்க வேண்டிய நீர் 37.85 லிட்டர். அவர் வார்த்ததோ ஏறத்தாழ 12 அமெரிக்க கேலன்!

இன்னும் ஒரு விந்தை உண்டு. அமெரிக்க கேலன் சிறியதாயினும், அந்நாட்டு நீர்ம அவுன்சு பெரியது. அமெரிக்கர் தம் கேலனை 128 அவுன்சாகவும், ஆங்கிலேயர் தம்முடையதை 160 அவுன்சாகவும் பகுத்தமையால், முன்னது 29.57 மில்லிலிட்டரும் பின்னது 28.41 மில்லிலிட்டரும் ஆயின.