எட்டு மணி நேரம்: ஒரு கூலிக் கணக்கு

போன மாத சுவர் இதழில் நம்ம மலை மிளகைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நன்றாக இருந்தது. ஆனால் மிளகைப் பறிக்கிறவங்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதனால் இந்த மாதம் நான் கூலியைப் பற்றி எழுதுகிறேன். சமூக அறிவியலும் கணக்கும் கலந்து வரும். பெருக்கல் தெரிந்தால் போதும்.

வேலை நேரம், சம்பளம், விடுமுறை என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறோம். எனக்கு என்னவோ மூன்றும் ஒரே கணக்கு என்றுதான் தோன்றுகிறது. நேரத்தை யாராவது மறைத்துவிட்டால் மற்ற இரண்டும் தானாகவே காணாமல் போய்விடும். எப்படி என்று பிறகு காட்டுகிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு.

வ.உ.சி. என்றதும் நமக்குக் கப்பல்தான் ஞாபகம் வரும். பரீட்சையிலும் அதைத்தான் கேட்பாங்க. ஆனால் 1908ஆம் ஆண்டு பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணை நின்றவரும் அவர்தான். சுப்பிரமணிய சிவாவும் கூட இருந்தார். அந்த மில்லை வெள்ளைக்காரர்கள் நடத்தினார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வேலை, கூலி குறைவு, வாரத்துக்கு ஒருநாள்கூட லீவு கிடையாது. தொழிலாளர்கள் கேட்டது என்ன தெரியுமா? கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு. நான் மேலே சொன்ன அதே மூன்றுதான்! சுமார் ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை ஆனது. அதற்குச் சில நாட்களிலேயே, மார்ச் 12ஆம் தேதி, வ.உ.சி.யைக் கைது செய்துவிட்டார்கள்.

அதன் பிறகு 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதியது. 1923 மே 1ஆம் தேதி சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். நம் நாட்டுச் சட்டத்தில் தொழிற்சாலைகளுக்கு 48 மணி நேர வாரம் வந்தது 1946இல். அதற்கு முன் 54 மணி. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் டாக்டர் அம்பேத்கர்.

இதெல்லாம் பழைய கதை, முடிந்துபோச்சு என்று நினைக்காதீங்க. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி நம் தமிழ்நாடு சட்டசபையிலேயே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் ஒரு மசோதா நிறைவேறியது. பல பக்கமும் எதிர்ப்பு வந்ததால் மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதாவது பத்தே நாள்.

இப்போது இருக்கிற சட்டம் எது? 2025 நவம்பர் 21 முதல் 29 பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக 4 சட்டத் தொகுப்புகள் வந்துள்ளன. அதன்படி நூல்மில் மாதிரி இடங்களில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்தில் 6 நாள்தான் வேலை. அதற்கு மேல் என்றால் அது ஓ.டி. ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், கூலி இரண்டு மடங்கு தர வேண்டும்.

இரண்டு மடங்கு என்ற வார்த்தையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என் பெரியம்மா மகள் கீழே ஒரு நூல்மில்லில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது, "எட்டு மணிக்கு 480 ரூபாய் பாப்பா, பன்னண்டு மணி பார்த்தா 600 தர்றாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எங்க ஊரில் 600 ரூபாய் நல்ல கூலிதான். நான் கணக்கு நோட்டை எடுத்தேன்.

8 மணிக்கு 480 ரூபாய் என்றால் ஒரு மணிக்கு 60. இரண்டு மடங்கு 120. நான்கு மணி ஓ.டி.க்கு 480. ஆக மொத்தம் 960 ரூபாய். கிடைத்தது 600. மீதி 360 எங்கே? மாதம் 26 நாள் என்றால் 9,360 ரூபாய்!

அக்கா ரொம்ப நேரம் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "சீட்டுல எட்டு மணின்னுதான் போட்டிருக்கும்" என்றாள். நான் சொன்னேனே, நேரத்தை மறைத்தால் சம்பளம் மறையும் என்று, அது இதுதான்.

அடுத்து லீவு. வருஷத்தில் 180 நாள் வேலை செய்தவர்களுக்கு, செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் 1 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. 300 நாள் வேலை செய்தால் 15 நாள். வாராந்திர ஓய்வு இதில் சேராது. அக்கா ஆடி 18க்கு வல்வில் ஓரி விழா பார்க்க வந்தால் நாலு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்களாம். அவளும் "வேலைக்குப் போகலையே, பிடிக்கத்தானே செய்வாங்க" என்றே இருந்தாள்.

சம்பளத் தேதியும் முக்கியம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தர வேண்டும். வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். 2000களில் மேற்கு மாவட்ட நூல்மில்களில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்தது. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக 30,000, 40,000 என்று கல்யாணத்துக்குத் தருவோம் என்பார்கள். கேட்கும்போது பரிசு மாதிரி இருக்கும். ஆனால் அது மாதாமாதம் கையில் வந்திருக்க வேண்டிய கூலி. உடம்பு சரியில்லாமல் இரண்டரை வருஷத்தில் திரும்பி வந்த பெண்களுக்கு அதுவும் கிடைக்காமல் போனது உண்டு. பேர் மாற்றி யாராவது அதே மாதிரி சொல்லிக்கொண்டு வந்தால் கவனிக்க வேண்டும்.

நம்ம மலையிலிருந்து கேரளா, கர்நாடகா எஸ்டேட்டுகளுக்கு மிளகு பறிக்க, காபி பறிக்கப் போகிறவர்களுக்கு முன்பணம் என்று ஒன்று உண்டு. முன்பணம் வாங்குவது தப்பு இல்லை. ஆனால் "கடன் கழியும்வரை வேறு எங்கும் போகக் கூடாது" என்று ஆளைப் பிடித்து வைத்தால் அது கொத்தடிமை முறை. 1976 சட்டம் அதை ஒழித்துவிட்டது, அந்தக் கடனும் செல்லாது. ஆர்.டி.ஓ.விடமோ கலெக்டரிடமோ மனு கொடுக்கலாம்.

நம்ம ஊர்ச் சின்னத் தோட்டங்களில் இந்த 8 மணி, லீவு எல்லாம் சட்டப்படி கேட்பது கஷ்டம். நாலு பேர், ஐந்து பேர் வேலை செய்கிற இடத்துக்கு அந்தப் பிரிவுகள் பொருந்தாது. அது எனக்கு ஒரு குறையாகத்தான் படுகிறது, ஏனென்றால் எங்கள் அம்மாக்கள் வேலை செய்வது அங்கேதான். ஆனால் குறைந்தபட்சக் கூலி விவசாய வேலைக்கும் உண்டு. ஆண், பெண் என்று பார்த்து ஒரே வேலைக்கு வேறு வேறு கூலி தரக் கூடாது என்பதும் சட்டம். ஏணி ஏறி மிளகு பறிப்பது வேறு வேலை, ஒப்புக்கொள்கிறேன். களை எடுப்பதும் காபிப் பழம் பறிப்பதும் ஒரே வேலைதானே? அதற்கு ஏன் இரண்டு கூலி?

ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 14 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 14இலிருந்து 18 வரை சுரங்கம், வெடிமருந்து போன்ற ஆபத்தான வேலைகளுக்கு மட்டும்தான் தடை. எங்கள் வகுப்பில் எல்லோரும் அந்த வயதைத் தாண்டிவிட்டோம், அல்லது தாண்டப்போகிறோம். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வேலைக்குக் கூட்டிப்போக ஆள் வருவதும் இந்த வயதில்தான்.

யாரிடம் கேட்பது? சிறுவர் சிறுமியர் என்றால் 1098. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். நாமக்கல் கோர்ட்டில் அதற்கு ஆபீஸ் இருக்கிறது. ஆனால் அங்கே போனால் முதலில் கேட்பது, எத்தனை நாள், எத்தனை மணி வேலை செய்தாய் என்பதுதான். அதனால் பெரியம்மா மகளுக்கு ஒரு 40 பக்க நோட்டு கொடுத்து அனுப்பினேன். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கையில் வாங்கிய பணம் என்று நாலு கட்டம் போட்டேன். எழுதுகிறாளாம்.

படிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒருவருக்கு 8 மணி நேரக் கூலி 400 ரூபாய். வாரத்தில் 6 நாள், தினமும் 10 மணி நேரம் வேலை செய்தார். வார முடிவில் கிடைத்தது 2,700 ரூபாய். இன்னும் எவ்வளவு வர வேண்டும்? விடையைத் துண்டுத் தாளில் எழுதி இந்தச் சுவர் இதழுக்குக் கீழே உள்ள பெட்டியில் போடவும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் போடலாம்.