ஜிப்சிக்குள் அம்பாசடர் இன்ஜின்: பட்டுத் தெரிந்துகொண்டவை

2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மண் பாதைகளில் உர மூட்டையோடு ஏறி இறங்கும் என் 1.3 லிட்டர் மாருதி ஜிப்சி, லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். டீசல் இன்ஜினை மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். கோயம்புத்தூர் மெக்கானிக் அண்ணன் அன்றே சொன்னார்: "இன்ஜினை எறக்கி ஏத்துறது ரெண்டு நாள் வேலைங்க சார். மத்ததுக்குத்தான் மாசக்கணக்காகும்." நான் நம்பவில்லை. வண்டி ஐந்து மாதம் பட்டறையில் கிடந்தது.

எந்த இன்ஜின்?

முதலில் கண் போனது ஸ்விஃப்ட் டீசல் மேல். 1248 சிசி, 190 நியூட்டன் மீட்டர் இழுவை. யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அது முன்சக்கர இயக்கக் காருக்காகக் குறுக்குவாட்டில் உட்காரும் இன்ஜின். ஜிப்சியில் நீளவாட்டில் வைக்க கியர்பாக்ஸ், அடாப்டர் பிளேட் எல்லாம் தனியாகத் தேட வேண்டும். போதாததற்கு கம்ப்யூட்டர், சென்சார்கள், வயரிங். மலைப் பாதையில் ஒரு சென்சார் மக்கர் செய்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

அதனால் அம்பாசடரில் வந்த 1995 சிசி இசுசு டீசலுக்கு வந்தேன். குதிரைத் திறனில் ஜிப்சியின் பெட்ரோல் இன்ஜினைவிடக் குறைவுதான். ஆனால் குறைந்த சுற்றிலேயே இழுக்கும், டீசல் பம்ப்பும் மெக்கானிக்கல். பின்சக்கர இயக்கக் காரின் இன்ஜின் என்பதால் கியர்பாக்ஸும் நேராகப் பின்னால் நீளும். ஜிப்சியில், இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக, ஒரு குட்டை ஷாஃப்ட்டால் இணைந்திருக்கிறது. ஆக, அம்பாசடர் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஜோடியாக உள்ளே போய்விடும். டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்பீடோமீட்டர் கேபிளும் அதிலிருந்தே வருவதால் மீட்டரும் தப்பவில்லை.

கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் இன்ஜின் வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று வார்த்தை. ஒன்று, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது. இரண்டு, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஃப்ளைவீல், மவுண்ட், ஹீட்டர் பிளக் ரிலே வரை எல்லாவற்றையும் ஒரே கடையில் ஒரே பில்லில் வாங்குங்கள். நான் ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு வந்து, அதற்கு மூன்று வாரம் அலைந்தேன். மூன்று, டைமிங் பெல்ட்டை வெளியில் வைத்தே மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

சப்பாத்தி மாவுச் சோதனை

செயின் பிளாக்கில் தொங்கிய இன்ஜினை இறக்கிப் பார்த்தபோது, அதன் ஆயில் சம்ப்புக்கும் முன் ஆக்சிலின் கிரவுன் ஹவுசிங்குக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. போதும் என்றேன். மெக்கானிக் அண்ணன் பதில் பேசாமல், டிஃபன் கடையிலிருந்து ஒரு உருண்டை சப்பாத்தி மாவு வாங்கிவரச் சொன்னார். அதை ஹவுசிங் மேல் ஒட்டி, ஆக்சிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் ரப்பர் முட்டும்வரை தூக்கினார். இறக்கிப் பார்த்தால் மாவு அப்பளமாகியிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் முதல் பள்ளத்திலேயே சம்ப் உடைந்திருக்கும். சம்ப்பை வெட்டி, அந்தப் பக்கம் ஆழத்தைக் குறைத்து, மறுபக்கம் அகலம் கூட்டி வெல்டிங் செய்தோம். ஆயில் கொள்ளளவு குறையாமல் பார்த்துக்கொண்டோம். முழுசாக அமுங்கிய நிலையிலும் மாவு ஒரு அங்குலம் மிஞ்ச வேண்டும். இந்தச் சோதனை முடியாமல் மவுண்ட் பிராக்கெட்டை சேஸிஸில் பற்றவைக்காதீர்கள்.

குட்டை ஷாஃப்ட் தந்த தலைவலி

அம்பாசடர் கியர்பாக்ஸ் நீளம் அதிகம் என்பதால் நடு ஷாஃப்ட்டை வெட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். வந்ததை மாட்டி ஓட்டினால் நாற்பதைத் தாண்டியதும் தரையெல்லாம் அதிர்ந்தது. இரண்டு வாரம் மவுண்ட் ரப்பரைக் குற்றம் சொல்லி மாற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால், ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் திருகலாக வெல்டிங் ஆகியிருந்தன. கிராஸ் ஜாயிண்ட் ஒரு கோணத்தில் சுழலும்போது வேகம் ஏறி இறங்கும். மறுமுனை ஜாயிண்ட் அதைச் சமன் செய்ய, இரண்டு கவைகளும் நேர்கோட்டில் இருக்க வேண்டும், இரு பக்கக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் ஷாஃப்ட் நெடுக ஒரு நேர்கோடு கீறிக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

பிரேக் கல்லான நாள்

இதற்கெல்லாம் முன்பு, முதல் ஸ்டார்ட்டில் வண்டி பட்டறை முற்றத்தில் பத்தடி நகர்ந்தது. பிரேக் மிதித்தேன், கல்லை மிதித்த மாதிரி இருந்தது. பெட்ரோல் இன்ஜினின் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக் பூஸ்டரை இயக்குகிறது. இந்த டீசலில் காற்றை அடைக்கும் திராட்டில் கிடையாது. அந்த வெற்றிடமும் கிடையாது. ஆல்டர்னேட்டரின் பின்பக்கமிருந்த வேக்குவம் பம்ப்புக்குக் குழாய் கொடுத்த பிறகே மிதி இளகியது. கோத்தகிரி இறக்கத்தில் இதைக் கண்டுபிடித்திருந்தால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அதேபோல, பழைய இக்னிஷன் வயரை பம்ப்பின் ஸ்டாப் சோலனாய்டுக்குக் கொடுக்காவிட்டால், சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. டேங்க்கையும் கழற்றிக் கழுவுங்கள். பம்ப்புக்கு மசகு டீசல்தான், அதில் பெட்ரோல் கலந்தால் பம்ப் தேயும். டீசலை அமுக்கிச் சுற்ற வைக்கப் பெரிய பேட்டரியும் தடித்த கேபிளும் வேண்டும். ஜனவரி அதிகாலையில் இது நன்றாகவே புரியும்.

எடை, சூடு, வேகம்

வேலைக்கு முன்னும் பின்னும் எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை போட்டேன். 90 கிலோ கூடியிருந்தது. முன் ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டை சேர்த்தோம். இந்த ரக டீசலில் எரிதல் தொடங்கும் சிற்றறை ஹெட்டிலேயே இருப்பதால், தண்ணீருக்குப் போகும் சூடு அதிகம். பழைய ரேடியேட்டர் முதல் ஏற்றத்திலேயே கொதித்தது. மூன்று வரிசைக் குழாயுள்ள ரேடியேட்டர் போட்டபின் அடங்கியது.

வேகத்தை முன்பே காகிதத்தில் கணக்குப் போடுங்கள். ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் சாதாரண நிலையிலேயே 1.409 மடங்கு குறைக்கிறது, ஆக்சில் 3.909. பெருக்கினால் ஐந்தரை. 205/70 ஆர் 15 டயரில், நேர் கியரில், 3000 சுற்றுக்கு மணிக்கு 68 கிலோமீட்டர்தான் வரும். பெட்ரோல் இன்ஜின் 6000 வரை சுற்றியதால் அது பொருட்டாகத் தெரியவில்லை. டீசலில் நெடுஞ்சாலைப் பயணம் காதைப் பிளக்கிறது. தோட்டத்திலோ, மூட்டையோடு முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே ஏறுகிறது.

கணக்கும் சட்டமும்

இன்ஜினும் கியர்பாக்ஸும் 35,000 ரூபாய், முடிக்கும்போது 1,10,000. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தப் பணத்தை எடுக்க மூன்று வருடத்துக்கு மேல் வேண்டும். அதற்குள் 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போய், விலை வித்தியாசமும் சுருங்கிவிட்டது. மிச்சம் பிடிக்கத்தான் மாற்றுகிறீர்கள் என்றால் மாற்றாதீர்கள். இழுவைக்காக என்றால் யோசிக்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகிவிடும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. எனக்கு அன்று அனுமதி கிடைத்தது, அதுவும் இன்ஜின் எண்ணோடு பில் இருந்ததால். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே பொருள்கொண்டது. ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்றிருந்தால் விபத்து நாளில் காப்பீடு கைவிட்டுவிடும். ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி கைக்கு வராமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.