முற்றாத மென்பொருளும் மேசைக்கணனி முகாமைத்துவமும்

ஓர் அலுவலகத்திற் பத்துக் கணனிகள் உளவாயின், அவற்றைப் பேணுதற்கு ஓர் ஆளும் அவருடைய கால்களும் போதும். பழுது வந்த மேசைக்கு அவர் நடந்து செல்வார், வேண்டிய மென்பொருளை நிறுவுவார், திரும்புவார். கணனிகள் ஐயாயிரமாகிக் கிளைகள் நாற்பதாகுமிடத்து இம்முறை பயன்படாது. ஓரிடத்தில் இருந்தவாறே எல்லாக் கணனிகளையும் எண்ணவும், அவற்றில் மென்பொருளை நிறுவவும், பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றவும், பழுதானவற்றைத் துடைத்துப் புதிதாக அமைக்கவும் வல்லதொரு கருவி வேண்டப்படுகின்றது. இதனையே மேசைக்கணனி முகாமைத்துவ மென்பொருள் என்பர். நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இத்தொழிலாற் சீவிப்பவர். அத்தொழில் யாதென்பது அவர்தம் வீட்டார்க்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஏன் ஒலிக்கின்றது என்பதும் விளங்குவதில்லை. அதனை ஒருவாறு விளக்க முயல்வாம்.

கணனி மலிந்தது, அதனைப் பேணும் செலவு மலியவில்லை. ஒரு கணனியின் உண்மைச் செலவு அதன் கொள்விலையோடு முடிவதில்லை, அதனை வைத்திருக்கும் காலமெல்லாம் வளர்வது என்னும் கருத்தினை அமெரிக்காவிலுள்ள கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 1987 அளவிற் பரப்பிற்று. கணனியானது தன்னைப்பற்றித் தானே விவரங் கூறுதற்கு ஒரு பொது நியமம் வகுக்கும் பொருட்டு, 1992இல் உற்பத்தியாளர் பலர் கூடி டீ.எம்.ரி.எவ். என்னும் குழுவினை அமைத்தனர். 1994இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் சிஸ்டம்ஸ் மனேஜ்மென்ற் சேவர் என்னும் பொருளைச் சந்தைக்குக் கொணர்ந்தது. எஸ்.எம்.எஸ். எனச் சுருக்கமாக வழங்கிய இதற்கும் கைப்பேசிக் குறுஞ்செய்திக்கும் யாதொரு தொடர்புமில்லை. 1999இல் இதன் 2.0 பதிப்பும், 2003இல் அடுத்த பெரும் பதிப்பும் வெளிவந்தன. 2007இற் கொன்பிகரேஷன் மனேஜர் என்னும் புதுப்பெயர் சூட்டப்பட்டது. இத்துறையில் வேறு பொருள்கள் பலவுள. இப்பொருளின் வரலாறு நீண்டதும் பலரால் அறியப்பட்டதுமாகலின் இதனையே உதாரணமாகக் கொள்கின்றோம்.

முற்றாத பொருள் என்பது தீய பொருளன்று. நம்மூரிற் புகையூதிப் பழுக்கவைத்த வாழைக்குலையை அறியாதார் இலர். தோல் மஞ்சளாயிருக்கும், உரித்தால் உள்ளே துவர்ப்பு மாறியிராது. குலையில் ஒரு குற்றமுமில்லை. வெட்டிய நாளே குற்றம். மென்பொருள் ஏன் இவ்வாறு வெட்டப்படுகின்றது என்பதற்கு ஐ.பி.எம். நிறுவனத்திற் பெரியதொரு இயங்குதளத்தின் ஆக்கத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ் என்பார் 1975இல் வெளியிட்ட நூலில் ஒரு விளக்கம் உண்டு. ஒருவர் தமக்காக எழுதும் நிரலைப் பிறர் எவரும் பயன்படுத்தத் தக்கதாக்குதற்கு மும்மடங்கு முயற்சி வேண்டும். பிற நிரல்களோடு இணைந்து ஒரு தொகுதியாக இயங்கச் செய்தற்கு மேலும் மும்மடங்கு வேண்டும். ஆக ஒன்பது மடங்கு என்பது அவர் கணிப்பு. ஆய்வுகூடத்தில் இருபது கணனிகளில் அழகாக இயங்கிக் காட்டும் பொருள் இந்த ஒன்பதில் எத்தனையாவது மடங்கில் நிற்கின்றது என்பதனை வாங்குவோர் கண்ணாற் கண்டறிதல் அரிது.

முகாமைத்துவ மென்பொருளுக்கு மேலுமொரு தொல்லையுண்டு. கணக்கு எழுதும் மென்பொருள் கணக்கை மட்டும் அறிந்தாற் போதும். இதுவோ ஒரு நிறுவனத்திலுள்ள எல்லாவற்றோடும் பழக வேண்டியது. பழைய கணனி, புதிய கணனி, மெதுவான தொலைபேசி இணைப்பு, எவரோ விடுமுறைக்குமுன் மாற்றிவிட்டுப் போன அமைப்பு, எல்லாம் இதன் வழியிற் குறுக்கிடும். எந்த ஆய்வுகூடமும் அத்தனை ஒழுங்கீனத்தைத் தன்னுள்ளே படைக்க வல்லதன்று. ஆதலின் இவ்வகைப் பொருள் வாங்கியவர் வீட்டிலேயே முற்றுகின்றது. முற்றும்வரை அதன் துவர்ப்பை உண்பவர் அதனை நிறுவும் உத்தியோகத்தர்.

எஸ்.எம்.எஸ். வரலாற்றிலிருந்து சில காட்டுதும். முதற் பதிப்புகளில் அதன் தலைமைச் சேவர், விண்டோஸ் என்.ரி. வலயத்தின் ஆட்சிக் கணனிகளுள் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பது விதி. பயனர் அனைவரின் கடவுச்சொற்களையும் காக்கும் கணனியின்மேலேயே புதிய பொருளொன்றையும் ஏற்றுக என்பது, கோயிற் கருவூலத்திலேயே மடைப்பள்ளியையும் வைத்துக்கொள்க என்பதை ஒக்கும். 2.0 பதிப்பில் இவ்விதி தளர்ந்தது. வேறு துன்பங்கள் புகுந்தன. கணனி எவ்வலையமைப்புப் பகுதியில் நிற்கின்றதோ அதனைக் கொண்டே அஃது எக்கிளைக்குரியது என்று அப்பதிப்பு முடிவுசெய்தது. மேசையில் ஓரிடத்தே நிற்கும் கணனிக்கு இது பொருந்தும். மடிக்கணனியோ காவிச் செல்லற்கென்றே பிறந்தது. ஓர் உத்தியோகத்தர் தம் மடிக்கணனியுடன் இன்னொரு கிளைக்குச் சென்றால், அது தன் பழைய கிளையை மறந்து முகாமைத்துவ முகவரையும் களைந்துவிடக் கூடியதாயிருந்தது. 2003ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் ஊர்விட்டு ஊர் செல்லும் கணனிக்கென முகவர் நிரலொன்று செம்மையாக எழுதப்பட்டது. இடையறுந்த இறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் அதனோடு வந்தது. இவ்வளவிற்கு 1994இலிருந்து ஒன்பது ஆண்டுகள் சென்றன. 2.0 பதிப்புக்கு மட்டும் ஐந்து திருத்தத் தொகுதிகள் வெளியிடப்பட்டன.

எனினும் பிழைகளினும் மிக வருத்துவது மௌனமே. ஒரு கட்டளையை நிருவாகி இட்டவுடன் ஒன்றும் நிகழாது. இப்பொருளின் உள்ளமைப்பு நம் கச்சேரிகளின் நடைமுறையை ஒத்தது. ஒரு பகுதி தன் வேலையை முடித்து ஒரு கோப்பினை அடுத்த பகுதியின் தட்டில் இடும். அப்பகுதி தனக்கு வாய்த்த நேரத்தில் அதனை எடுத்துப் பார்த்து இன்னொரு தட்டில் இடும். எங்கோ ஒரு தட்டில் ஆயிரக்கணக்கான கோப்புகள் தேங்கி நிற்க, கட்டுப்பாட்டுத் திரை ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். பின்னைய பதிப்புகளிற்கூட, கணனி புதிய கட்டளையுண்டோ என வினவுவது இயல்பிருப்பில் மணிக்கொருமுறை. தன் உறுப்புகளின் பட்டியலை அனுப்புவது ஏழு நாளுக்கொருமுறை. ஆகவே, கட்டளை தவறிற்றா, தாமதித்ததா என்பதனை அறிய வழியின்றி நிருவாகி காத்திருப்பார். பொறுமையிழந்து அதே கட்டளையை மீண்டும் இடுவார். பின்னர் இரண்டும் சென்று சேரும். ஆங்கில எழுத்துகளுக்கு வேறு விரிவு கூறி, இதனை மெல்ல நகரும் மென்பொருள் என நிருவாகிகள் எள்ளியமை காரணமற்றதன்று. உண்மையறிய விரும்புவோர் பதிவேட்டுக் கோப்புகளைத் திறந்து வரிவரியாகப் படித்தல் வேண்டும். அவை பலப்பல, எந்தச் செய்தி எந்தக் கோப்பில் வரும் என்பதனைப் பட்டறிவே கற்பிக்கும். இக்கலையிற் கைதேர்ந்தோர்க்கு எந்நாட்டிலும் வேலையுண்டு என்பதனை மாணவர் குறித்துக்கொள்க.

வெற்றி என்னும் சொல்லையும் இங்கே ஆராய்தல் தகும். ஒரு மென்பொருளை நிறுவும் நிரல் முடிவில் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பூச்சியமாயின் வெற்றி, 1603 ஆயின் பெருந்தவறு, 3010 ஆயின் வெற்றிதான், ஆனால் கணனியை மீளத் தொடக்குதல் வேண்டும். முகாமைத்துவக் கருவி இவ்வெண்ணையே நம்புகின்றது. ஒன்றையும் நிறுவாமலே பூச்சியத்தைத் தரும் நிரல்கள் உலகிற் பலவுள. அவற்றைக் கருவி பச்சை நிறத்திற் காட்டும். மேலும், கணனியின் நிலையை அறிதற்கு இது விண்டோஸ் இயங்குதளத்துள் இருக்கும் ஒரு தகவற் களஞ்சியத்தைச் சார்ந்துள்ளது. அக்களஞ்சியம் சிதைந்த கணனி பேசுவதை நிறுத்திவிடும். அன்றேல் பழைய செய்தியையே கூறிக்கொண்டிருக்கும். அத்தகைய ஊமைக் கணனிகளைத் தேடிப் பிடித்துச் செப்பஞ் செய்தற்கென நிருவாகிகள் தாமே தனி நிரல்கள் எழுதலாயினர். முகாமை செய்யும் பொருளை முகாமை செய்ய இன்னொன்று! அறிக்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வெற்றி என்று காணின் மேலாளர் மகிழ்வார். ஐயாயிரங் கணனிகளில் எஞ்சிய இரண்டு வீதம் நூறு கணனிகள். காலையில் அந்த நூறு பேரும் தொலைபேசியை எடுப்பர் என்பதனை அவ்வறிக்கை கூறாது.

இவை தொல்லைகள். இனி ஆபத்தினைக் கூறுவாம். ஐயாயிரங் கணனிகளை ஒரு கட்டளையாற் செப்பனிட வல்ல கருவி, ஒரு கட்டளையால் அவற்றை அழிக்கவும் வல்லது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் இது நிகழ்ந்தது. விண்டோஸ் 7 இயங்குதளத்தைப் புதிதாக அமைக்கும் கட்டளைத்தொடர் ஒன்று, தவறுதலாக அங்கிருந்த விண்டோஸ் கணனிகள் யாவற்றிற்கும் அனுப்பப்பட்டது. மேசைக்கணனி, மடிக்கணனி, சேவர் என்னும் வேறுபாடில்லை. அத்தொடரின் முதற் பணியே வன்தட்டைப் பகுத்துத் துடைத்தல். தவறு தெரிந்தவுடன் முகாமைத்துவச் சேவரை நிறுத்த ஓடினர். அதற்குள் அச்சேவரே தன்னைத் துடைத்துக்கொண்டுவிட்டது. இதனை மனிதர் தவறென்று முடித்துவிடல் எளிது. ஆனால், தன்னைத்தானே அழிக்குமாறு இடப்பட்ட கட்டளையை மறுவினாவின்றி ஏற்ற பொருள், இருபதாண்டு வயதிலும் முற்றவில்லை என்றே நாம் கூறுவோம். பின்வந்த பதிப்புகளில் இத்தகைய கட்டளைகளுக்கு வேலி இடப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட கணனிகளைக் கொண்ட தொகுதிகளைத் தெரிவின்போது இயல்பாக மறைத்தலும், முகாமைத்துவச் சேவர்கள் அடங்கிய தொகுதிகளைத் தடுத்தலும் அவ்வேலியுள் அடங்கும்.

இத்துன்பங்களின் விலையைச் செலுத்துவோர் யார் என்பதே எமக்கு முதன்மையாகத் தோன்றுகின்றது. பொருளைத் தெரிவோர் குளிரூட்டிய அறையில் அரைமணி நேரக் காட்சியைக் கண்டு கையொப்பமிடுவர். அதனை நிறுவுமாறு பணிக்கப்படும் இளைஞர் அக்காட்சிக்கு அழைக்கப்படுவதில்லை. பொருள் இயங்காதபோது, விற்றவர் அடுத்த திருத்தத்தைக் காட்டுவார். வாங்கியவர் இளைஞரைக் காட்டுவார். மேசையில் இருப்பவருக்கோ இவர் யாவரும் ஒருவரே. எழுதிக்கொண்டிருக்கும்போது கேளாமலே தன் கணனி மீளத் தொடங்கக் கண்ட எழுதுவினைஞர், மறுமுறை திருத்தம் வருமென்றறிந்தால் வலையமைப்புக் கம்பியைக் கழற்றிவைப்பார். அவரை நாம் நோகோம். அவ்வாறு கழற்றப்பட்ட கணனிகளே பாதுகாப்புத் திருத்தமின்றி எஞ்சி நிற்பவை. ஒரு முற்றாத கருவி இழக்கச் செய்யும் நம்பிக்கையை, அடுத்து வரும் முற்றிய பதிப்பு எளிதில் மீட்டுத் தருவதில்லை.

முதற்பதிப்பை வாங்காதே, இரண்டாந் திருத்தம் வரும்வரை பொறு என்பது இத்தொழிலின் பழைய அறிவுரை. அதற்கு இப்போது இடங்குறைந்துவிட்டது. 2015ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து கொன்பிகரேஷன் மனேஜர் ஓயாது புதுப்பிக்கப்படும் முறைக்கு மாறிற்று. தொடக்கத்தில் ஆண்டுக்கு மூன்று பதிப்புகள், ஒவ்வொன்றுக்கும் 12 மாத ஆதரவு. 2011இற் பிறந்த இன்ரியூன் என்னும் இணையவழிச் சேவையோ விற்பவரின் இடத்திலேயே இயங்குவது; அதன் மாற்றங்கள் வாங்கியவரின் இசைவுக்குக் காத்திருப்பதில்லை. 2024 யூலை 19ஆம் நாள் நிகழ்ந்ததையும் நினைவுகூர்தல் வேண்டும். கிறவுட்ஸ்ட்றைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான தரவுக்கோப்பு ஒன்று, மைக்ரோசொப்ற் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணனிகளை முடக்கிற்று. மென்பொருட் பதிப்பைத் தாமதித்தே ஏற்போம் என்று முன்கூட்டியே அமைத்து வைத்திருந்த நிறுவனங்களும் தப்பவில்லை. அவ்வமைப்பு இத்தகைய தரவுக்கோப்புகளைக் கட்டுப்படுத்தவில்லை. 78 நிமிடத்தில் அக்கோப்பு மீளப் பெறப்பட்டதாயினும், தொடங்கவே மாட்டாத கணனிக்கு எந்த முகாமைத்துவக் கருவி எதனை அனுப்பும்? மேசை மேசையாக நடந்து, வன்தட்டுப் பூட்டியிருந்தவிடத்து 48 இலக்கத் திறவெண்ணைத் தட்டச்சிட்டே பல கணனிகளை மீட்டனர்.

பதிப்பைத் தெரியும் உரிமை குறைந்தவிடத்தும், எக்கணனி முதலில் ஏற்பது என்பதை வகுக்கும் உரிமை, கருவி இடந்தருமளவில், நிருவாகியிடம் உள்ளது. அதனை வட்டங்களாக வகுப்பர். முதல் வட்டத்திற் பத்துக் கணனி, ஒரு நாள் கழித்து நூறு, ஒரு கிழமை கழித்து எஞ்சியவை. அம்முதல் வட்டத்துட் பழையனவும் புதியனவும், கிளைக் கணனியும், ஊர் சுற்றும் மடிக்கணனியும் கலந்திருத்தல் வேண்டும். ஆய்வுகூடக் கணனிகளால் மட்டும் அதனை நிரப்புதல் வீண். நிருவாகி தம் கணனியையும் அதனுட் சேர்ப்பது வழக்கம். கொள்வனவிற் கையொப்பமிட்ட மேலாளரின் கணனியையும் அவரறியச் சேர்த்துக்கொள்ளுமாறு நாம் பரிந்துரைப்போம்.