தொகுதி 121, பக்கம் 501

தில்லியில் முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்திருக்கும் தங்கைக்கு,

பூசா பக்கம் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பாய்: டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் வத்திராயிருப்பில் பிறந்தவர், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அந்த ஆய்வகம் இன்றும் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. கட்டுரை முடிந்து, மேற்கோள் பட்டியல் மட்டும் பாக்கி, அதை ராத்திரி ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதால், அவரை வைத்தே தொடங்கலாம்.

ராமன் விளைவைப் பற்றி எழுதுகிற ஒருவர் எந்தக் கட்டுரையைக் காட்ட வேண்டும்? ஒன்றல்ல, குறைந்தது மூன்று இருக்கின்றன. 1928 மார்ச் 31 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில், தொகுதி 121, பக்கம் 501-இல் ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய சிறு கடிதம் ஒன்று. சூரிய ஒளியையும் நிற வடிகட்டிகளையும் கொண்டு, சிதறிய ஒளியில் அலைநீளம் மாறிய பகுதி உண்டு என்று அறிவித்தது அது. அடுத்தது ஏப்ரல் 21 இதழில், அதே தொகுதியின் 619-ஆம் பக்கத்தில் வந்தது. பாதரச விளக்கின் ஒளியில் புதிய நிறமாலைக் கோடுகள் தெரிந்ததைச் சொல்கிற இந்தக் குறிப்பில் ராமன் பெயர் மட்டுமே உண்டு. மூன்றாவது, மார்ச் 16 அன்று பெங்களூரில் ராமன் ஆற்றிய உரை. ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்’ இரண்டாம் தொகுதியில் 387-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது.

முதல் அறிவிப்பைப் பற்றிப் பேசினால் 501. கோடுகளைப் பற்றிப் பேசினால் 619. இரண்டையும் குழப்பி, 619-க்கு முன்னால் கிருஷ்ணன் பெயரையும் போட்டுவிட்டால் புள்ளியும் காற்புள்ளியும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த வரி பொய். பட்டியலை அழகுபடுத்துவதற்கு முன், எந்த வாக்கியத்துக்கு எந்தக் கட்டுரை சாட்சி சொல்கிறது என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனிக் கஷ்டம். ஒலி அலைகளால் ஒளியில் ஏற்படும் விளிம்பு விளைவைப் பற்றி 1935-இல் ராமனுடன் சேர்ந்து எழுதியவர் என். எஸ். நாகேந்திர நாத். சில பட்டியல்களில் அவர் ‘நாகேந்திர நாத்’, சிலவற்றில் வெறும் ‘நாத்’. ஒரே ஆள், அகர வரிசையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கட்டுரை வந்தது இந்திய அறிவியல் அகாதமியின் ‘புரொசீடிங்ஸ்’ ஏ பிரிவு, தொகுதி 2. அந்த ‘ஏ’யை விட்டுவிட்டால், அதே எண்ணுள்ள உயிரியல் பிரிவுத் தொகுதியில் போய்த் தேடிக்கொண்டிருப்பார் படிப்பவர்.

உன் பெயருக்கும் இதே கதி வரலாம். அப்பா பெயரை இன்ஷியலாகப் போடுகிற வழக்கம் ஆய்விதழின் இணையப் படிவத்துக்குத் தெரியாது. ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் ஒருமுறை அப்பா பெயரையும் அடுத்தமுறை உன் பெயரையும் போட்டால் நீ இரண்டு பேராகிவிடுவாய். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணை வாங்கி அதனோடு கட்டிவிடு. (1924-இல் ஐன்ஸ்டைன் மொழிபெயர்த்து ஜெர்மன் இதழில் வெளியிட்ட கட்டுரையில் ‘போஸ், டாக்கா பல்கலைக்கழகம், இந்தியா’ என்றுதான் இருக்கிறது, சத்யேந்திர நாத் என்பதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. அவர் போஸ். நமக்கு அந்த வசதி இல்லை.)

வடிவம் பற்றி அதிகம் கவலைப்படாதே. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடும் ஹார்வர்டு முறையை, 1881-இல் தோட்டத்து நத்தைப்புழுவைப் பற்றி எழுதிய எட்வர்டு மார்க் என்ற விலங்கியலாளரிடமிருந்து தொடங்குவார்கள். எண் போடும் வான்கூவர் முறை, 1978-இல் மருத்துவ இதழாசிரியர்கள் அந்த ஊரில் கூடிப் பேசியதால் அந்தப் பெயர் பெற்றது. ஒரு இதழ் திருப்பி அனுப்பி, இன்னொன்றுக்குப் போகும்போது எல்லாவற்றையும் கையால் மாற்றுவது வீண் வேலை. ஜொடேரோ, மெண்டலி போன்ற மேற்கோள் மென்பொருள் ஒரு சொடுக்கில் மாற்றித் தரும். ஆனால் உள்ளே போட்டதைத்தான் அது வெளியே தரும். தப்பான பக்க எண்ணையும் அதே ஒழுங்கோடு அச்சிடும்.

ஒழுங்கு மட்டும் போதும் என்று நினைத்ததன் உச்சம் ஒரு பேய்க்கட்டுரை. எல்சவியர் பதிப்பகம் ஆசிரியர்களுக்கான வழிகாட்டியில், இப்படி எழுதுங்கள் என்று காட்ட ஒரு மாதிரி வரி வைத்திருந்தது: வான் டெர் கீர் உள்ளிட்ட மூவர், 2000-ஆம் ஆண்டு, அறிவியல் கட்டுரை எழுதும் கலை. அப்படி ஒரு கட்டுரை இல்லை, அதில் சொன்ன இதழும் இல்லை. லைடன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் குரோனன்பெர்க் இதைக் கவனித்தார். ஆன்-வில் ஹார்சிங் என்ற ஆய்வாளர் 2017-இல் இதைப் பற்றி எழுதியபோது ஏறத்தாழ 400 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. மாதிரிக் கோப்பின் மேல் தட்டச்சு செய்து, கடைசி வரியை அழிக்க மறந்தவர்கள்தான் பெரும்பாலும்.

காப்பியடிப்பது இன்னும் பழைய பழக்கம். 2003-இல் சிம்கினும் ராய்சௌத்ரியும் ஒரு புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரைக்கு வந்த சுமார் 4300 மேற்கோள்களை அலசினார்கள். 196-இல் பிழை, ஆனால் பிழை வகைகள் 45 மட்டுமே. ஒரே தப்பான பக்க எண் 78 பட்டியல்களில் இருந்தது. மேற்கோள் காட்டுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கோடு சண்டை போடலாம். 78 என்ற எண்ணோடு போட முடியாது.

உன் ஊரிலேயே நடந்தது ஒன்று. 2020 ஜனவரி 31 அன்று, தில்லி ஐஐடி ஆய்வாளர்கள் அடங்கிய குழு, புதிய கொரோனா வைரஸின் புரதத்தில் எச்ஐவியை ஒத்த துண்டுகள் இருப்பதாக பயோஆர்க்கைவ் தளத்தில் முன்அச்சு ஒன்றைப் போட்டது. கடும் விமர்சனம் வந்தது. பிப்ரவரி 2-ஆம் தேதி அவர்களே திரும்பப் பெற்றார்கள். அந்தப் பக்கம் இன்றும் திறக்கும், ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரையோடு. முன்அச்சை மேற்கோள் காட்டினால் அது முன்அச்சு என்றும், எந்தத் தேதியில் வந்த எந்தப் பதிப்பு என்றும் எழுது. திரும்பப் பெற்ற கட்டுரைகளை ஜொடேரோ 2019 முதல் எச்சரித்துக் காட்டுகிறது. அந்தச் சிவப்பு வரியைத் தாண்டிப் போகாதே.

இப்போது புதுத் தொல்லை. உரையாடும் இயந்திரத்திடம் பத்து மேற்கோள் கேட்டால், உண்மையான இதழ், நம்பத் தகுந்த ஆசிரியர், பொருத்தமான ஆண்டு எல்லாம் சேர்த்து, இல்லாத கட்டுரையை வான்கூவர் முறையில் அச்சுப் பிசகாமல் எழுதித் தரவும் செய்யும். டிஓஐ என்ற கட்டுரை அடையாள எண்ணை அதற்குரிய தளத்தில் ஒட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். திறந்ததோடு நிற்காதே, நீ சொல்வதைத்தான் அந்தக் கட்டுரையும் சொல்கிறதா என்று படித்துப் பார்.

கைடு நாளைக்கே அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் அவகாசம் கேள். பட்டியலில் நாற்பது இருந்தால் நாற்பதையும் திற. திறக்காததையும், திறந்தும் படிக்காததையும் எடுத்துவிடு. மிச்சம் இருபத்தாறுதான் என்றால் இருபத்தாறோடு அனுப்பு.