கடலோரக் கடைக்கு எந்தப் பூச்சு?

அலுமினியக் கதவு, ஜன்னல், ஷோகேஸ் வேலை எடுக்கும் நமது சகோதரர்கள் பலர், வாடிக்கையாளர் நிறத்தைக் காட்டியதும் விலை சொல்லிவிடுகிறார்கள். அந்த நிறம் எப்படி ஏற்றப்பட்டது என்று விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்காதவன்தான். கடலுக்கு எதிரே ஒரு கடைக்கு வெள்ளை நிறத்தில் முன்பக்கம் அமைத்துக் கொடுத்தேன். இரண்டு வருடம் செல்லுமுன் வெட்டிய மூலைகளிலிருந்து பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்தாற்போல் கோடுகள் ஓடின. கழற்றி மாற்றியது என் செலவில்.

அனோடைசிங் என்பது பெயின்ட் அல்ல. அலுமினியத்தைக் கந்தக அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சும்போது உலோகத்தின் மேற்பரப்பே ஒட்சைட்டாக மாறுகிறது. ஆகவே அது உரியாது, எளிதில் கீறாது. வெளிவேலைக்கு 15 முதல் 25 மைக்ரோன் தடிப்பு. கடலோரமென்றால் 25 என்றே கேளுங்கள். அதன் எதிரி சீமெந்து. ஈரச் சாந்து பட்டுக் காய்ந்தால் விழும் தழும்பு பிறகு போகாது. மேசன் வேலை முடியும்வரை பாதுகாப்பு டேப்பை உரிக்க விடாதீர்கள். வெல்டிங் அடையாளமும் வெளியே தெரியும். வெள்ளை நிறம் இதில் வராது.

பவுடர் கோட்டிங்கில் மின்னேற்றிய தூளைத் தெளித்து, ஏறக்குறைய 180 - 200 பாகை செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டுகிறார்கள். தடிப்பு பெரும்பாலும் 60 - 80 மைக்ரோன். விரும்பிய நிறம் கிடைக்கும். ஆனால் எல்லாம் முன்கழுவலில்தான் இருக்கிறது. எண்ணெய் போகக் கழுவி இரசாயனப் படலம் ஏற்றாவிட்டால், மேலே எவ்வளவு பளபளத்தாலும் உப்புக்காற்று உள்ளே நுழையும். என் வேலையில் அதைத்தான் விட்டிருந்தார்கள். மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலில் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூளின் வகையையும் கேளுங்கள்: எபொக்சி வெயிலில் வெளுத்து மாவாகும், வெளிவேலைக்குப் பொலியெஸ்டரே வேண்டும்.

கைப்பிடி, தள்ளுகதவின் தண்டவாளம் போன்று தேயும் இடங்களுக்கு அனோடைசிங். கடைக்குள் இருக்கும் ஷோகேஸ், தட்டுகளுக்குப் பவுடர் போதும். கடலோரத்தில் வெள்ளைதான் வேண்டுமென்பவருக்கு, முதலில் மெல்லிய அனோடைசிங் செய்து அதன்மேல் பவுடர் போடும் முறையும் உண்டு. செலவு கூடும், அதைச் சொல்லியே விலை பேசுங்கள். எதுவானாலும் கொட்டேசனில் மைக்ரோனை எழுதுங்கள். பொருள் வந்ததும் தடிப்பளவியால் நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். வெட்டிய முனைகளை சைட்டில் அப்படியே விடாமல் அடைத்துவிடுங்கள். மாதமொருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவும்படி கடைக்காரரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.