காலநிலை மாற்றமும் நன்னீர் மீன்பிடியும்

ஓப்பநாயக்க மக்களுக்குக் கடல் தொலைவு; உடவளவை நீர்த்தேக்கம் அதனிலும் அண்மை. அங்கு பிடிக்கப்படும் திலாப்பியா ஆபிரிக்க மீனாகும். அது 1952 இல் இலங்கைக்கு அறிமுகப்படுத்தப்பட்டது.

20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும்; 30 பாகையில் 7.5 மில்லிகிராம் மட்டுமே. ஆனால் வெப்பம் கூடும்போது மீனின் சுவாசம் விரைவாகி, அதன் ஒட்சிசன் தேவை அதிகரிக்கிறது. இரவில் அல்காக்களும் சுவாசிப்பதால் விடியற்காலையிலேயே மீன்கள் அதிகம் இறக்கும். (இக்காரணம் வினவப்படலாம்.)

உலர்வலயப் பருவகாலக் குளங்களின் நிலை இன்னும் கடினமானது. வடகீழ்ப் பருவமழை பிந்தினால் மீன்குஞ்சு விடுவதும் பிந்தும். வறட்சி முந்தினால் மீன் வளருமுன்பே குளம் வற்றிவிடும். ஆண்டுக்கு ஓர் அறுவடையே கிடைப்பதால், விவசாயக் குடும்பங்கள் அவ்வாண்டின் மீன் வருமானத்தை முழுமையாக இழக்கும்.

குறிப்பு: நன்னீர் மீன்வளர்ப்பு பற்றிய வினாவுக்குக் கடல்மட்ட உயர்வை மட்டும் எழுதுவது போதாது.