உயிலும் புரொபேட்டும்

"என் காலத்துக்குப் பிறகு வீட்டை விற்று, அதில் பாதியை ஆஸ்பத்திரியின் இலவச வார்டுக்குக் கொடுக்கவேண்டும்" என்று ஒரு தாயார் உயில் எழுதி வைக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். கையெழுத்தும் ஆயிற்று, சாட்சிகளும் ஆயிற்று, ரிஜிஸ்டரும் செய்தாயிற்று. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின்பு அந்த வீட்டை விற்பது யார்? கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுவது யார்? உயிலில் அதற்கென்று ஒருவரை நியமிக்காமல் விட்டால் அந்த நல்லெண்ணம் பீரோவுக்குள்ளேயே வருஷக்கணக்கில் கிடந்துவிடக்கூடும். ஆகவே இந்தப் பாடத்தில், ஒருவர் மரித்தபின் அவருடைய ஆஸ்தி உரியவர் கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்ப்போம். நம் தேசத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதில் பொருந்துவது 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்.

உயில் இல்லாவிட்டால் சட்டமே பங்கு பிரிக்கும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கும் பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வித்தியாசம் இல்லை. "ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கவேண்டும் என்று அப்பா அடிக்கடி சொல்வார்" என்று பிள்ளைகள் எல்லாரும் ஒப்புக்கொண்டாலும், அவர்களாக மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் பலம் இல்லை.

உயிலில் எழுதியதை நடத்திக்கொடுக்க நியமிக்கப்படுகிறவரை நிறைவேற்றாளர் என்கிறோம். அந்த உயில் மெய்யானது என்று நீதிமன்றம் ஏற்று, அவருக்கு முத்திரையிட்டுக் கொடுக்கும் பத்திரமே புரொபேட். நிறைவேற்றாளருக்குத்தான் அது கிடைக்கும். ஒருவரையும் நியமிக்காத உயிலுக்குப் புரொபேட் கிடையாது. அப்போது உயில் இணைத்த நிர்வாகப் பத்திரம் கேட்டு, பயன்பெறுகிறவர்களில் ஒருவர் மனுச் செய்யவேண்டும். யார் செய்வது என்பதிலேயே குடும்பத்தில் மனவருத்தம் வருவதுண்டு. எங்கள் அபிப்பிராயத்தில், உயிலில் எழுதவேண்டிய முதல் பெயர் வாரிசின் பெயர் அல்ல, நிறைவேற்றாளரின் பெயர்தான். அவர் எழுதுகிறவரைவிட வயதில் இளையவராகவும் கணக்கில் நேர்மையுள்ளவராகவும் இருக்கட்டும். அவரிடம் முன்னதாகவே சம்மதம் கேட்டுவைப்பதும் அவசியம்.

மனுவை ஜில்லா நீதிமன்றத்தில் கொடுக்கலாம், சென்னையில் உயர்நீதிமன்றத்தில். மரணத்துக்குப் பின் ஏழு நாள் முழுமையாகக் கழியுமுன் புரொபேட் வழங்கப்படாது. அசல் உயில், இறப்புச் சான்றிதழ், சொத்துக்களின் விவரமும் மதிப்பும், உயிலில் சாட்சிக் கையெழுத்திட்ட ஒருவருடைய உறுதிமொழி ஆகியவை வேண்டும். நெருங்கிய உறவினருக்கு நோட்டீஸ் போகும். பத்திரிகையிலும் விளம்பரம் வரலாம். ஒருவரும் ஆட்சேபிக்காவிட்டால் காரியம் எளிதாக முடியும். யாராவது கேவியட் போட்டு எதிர்த்தால் மனுவே வழக்காக மாறி, சாட்சி விசாரணை நடக்கும். அந்நேரத்தில் இரண்டு சாட்சிகளும் மரித்துப்போயிருந்தால், அவர்கள் கையெழுத்தை அடையாளம் காட்டக்கூடியவர்களைத் தேடி அலையவேண்டும். எழுபது வயதுப் பெரியவர் தம் வயதுச் சிநேகிதர் இருவரையே சாட்சி வைப்பது நம் ஊர் வழக்கம். அதை மாற்றிக்கொள்வது நலம்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். நீதிமன்றம் இங்கே உயில் மெய்யானதா என்று மட்டுமே பார்க்கிறது. வீடு உண்மையில் யாருக்குச் சொந்தம் என்பதை இந்த மனுவில் தீர்மானிப்பதில்லை. பட்டாவிலும் மூலப்பத்திரத்திலும் உள்ள குறையைப் புரொபேட் சரிசெய்யாது.

புரொபேட் கட்டாயமா என்று பலர் கேட்கிறார்கள். முன்பு கிறிஸ்தவருடைய உயிலை வைத்து நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட அது அவசியமாயிருந்தது. 2002ஆம் வருஷத்துத் திருத்தம் இந்தியக் கிறிஸ்தவர்களை அதிலிருந்து விலக்கிற்று. ஆனாலும் பிணக்கு இருந்தாலோ, வீட்டை வாங்குகிறவர் வற்புறுத்தினாலோ புரொபேட் வாங்குவதே பாதுகாப்பு.

தர்ம காரியங்களுக்கு எழுதிவைக்கும் அன்பர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். அதே சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி, உடன்பிறந்தாரின் மகனோ மகளோ, அவர்களைவிட நெருங்கிய உறவினரோ உள்ள கிறிஸ்தவர், மத அல்லது தர்ம காரியங்களுக்குச் சொத்து எழுதிவைக்கத் தடை இருந்தது. மரணத்துக்குப் பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையாமல் முன்பே உயில் எழுதி, எழுதிய ஆறு மாதத்துக்குள் அதைச் சட்டப்படியான காப்பிடத்தில் ஒப்படைத்திருந்தால்தான் செல்லும். கடைசி வியாதியில் எழுதிய தர்மங்கள் இதனால் செல்லாமற்போக இடமிருந்தது. கேரளத்துக் குருவானவர் ஜான் வல்லமட்டம் தொடர்ந்த வழக்கில், உச்சநீதிமன்றம் 2003 ஜூலையில் இப்பிரிவு சமத்துவத்துக்கு விரோதமானது என்று தள்ளிவிட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்து "தர்மத்துக்கு எழுதமுடியாது" என்று யாரேனும் சொன்னால் கலங்கவேண்டாம்.

சாட்சிகளைப் பற்றி ஒரு எச்சரிப்பு. சாட்சிக் கையெழுத்திடுகிறவருக்கோ அவருடைய மனைவிக்கோ கணவனுக்கோ உயிலில் எழுதிய கொடை செல்லாது. உயிலின் மற்றப் பகுதி செல்லும். ஆஸ்பத்திரிக்கு எழுதும் உயிலில் ஆஸ்பத்திரி ஊழியரைச் சாட்சி வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் நாளை உறவினர் "வற்புறுத்தி எழுதி வாங்கினார்கள்" என்று சொல்ல நாமே இடங்கொடுப்பானேன்? அதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மேலும், உயில் எழுதியபின் விவாகம் செய்தால் பழைய உயில் ரத்தாகிவிடும். மறுமணம் செய்தவர்கள் புதிதாக எழுதவேண்டும்.

"மிஷன் ஆஸ்பத்திரிக்கு" என்று மட்டும் எழுதினால் எந்த ஆஸ்பத்திரி என்ற கேள்வி எழும். சொத்தை ஏற்கிறது பல இடங்களில் ஆஸ்பத்திரியின் பேரில் அல்ல, அதை நடத்தும் சங்கம் அல்லது டிரஸ்டின் பேரில்தான். பதிவுப் பெயரை அலுவலகத்தில் கேட்டு அப்படியே எழுதுங்கள்.

புரொபேட் பெற்ற நிறைவேற்றாளர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருஷத்துக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் கொடுக்கவேண்டும். அடக்கச் செலவும் கடைசி வியாதியின் வைத்தியச் செலவும் முதலில். பிறகு புரொபேட் செலவு. பிறகு வேலையாட்களுக்குக் கடைசி மூன்று மாதத்துச் சம்பளப் பாக்கி. அதன்பின் மற்றக் கடன்கள். இவையெல்லாம் தீர்ந்து மிஞ்சுவதிலிருந்துதான் கொடைகள். மரித்த நாளிலிருந்து ஒரு வருஷம் முடியுமுன் கொடையைக் கொடுக்க நிறைவேற்றாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. அதுவரை ஆஸ்பத்திரியும் காத்திருக்கும்.